ஏழரை மணித் தண்ணீர்

எடைச் சீட்டு எழுதுகிற தங்கப்பழத்தைப் புதைத்துவிட்டு ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் ஏழரை மணிக்கு, எங்கள் ஊரான கீழ அளத்தில் பேச்சிக்கனி வீட்டு டிவியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் துடைத்தாள், சொட்டியது, மறுபடி துடைத்தாள், மறுபடி சொட்டியது, அப்புறம் ஒரு கும்பாவை அடியில் வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். மறுநாள் எதிர்வீட்டில் சொட்டியது. அதற்கு மறுநாள் தெரு முழுக்க. வாரம் முடிவதற்குள், சுவரில் மாட்டிய தட்டை டிவியிலும், முதுகு புடைத்த பழைய டிவியிலும், ரிப்பேராகிக் கோழி அடை கிடக்கிற டிவியிலும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், கரண்ட் இருந்தாலும் போனாலும், ஏழரை மணி ஆனால் ஊரில் எல்லா டிவியிலும் தண்ணீர் சொட்டியது, எட்டு மணிக்கு நின்றது.

ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. பாத்திரம்தான் தேடினார்கள்.

கேபிள்காரன் சேர்மத்துரையைக் கூப்பிட்டார்கள். அவன் ஒயரைப் பிடுங்கினான், சொருகினான், மொட்டை மாடிக்குப் போய் எதையோ திருப்பிவிட்டு வந்தான்.

"சிக்னல்லாம் சுத்தமா வருது அண்ணாச்சி. தண்ணி நம்ம கனெக்சன்ல கிடையாது. அதுக்கு நீங்க பஞ்சாயத்துலதான் கேக்கணும்."

பஞ்சாயத்தில் கேட்டதற்கு, குழாயில் வருகிற தண்ணீருக்குத்தான் நாங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று வந்துவிட்டோம்.

உப்பளத்துக்காரர்கள் எந்தத் தண்ணீரையும் நக்கிப் பார்க்காமல் விட மாட்டார்கள். முப்பது வருஷம் பாத்தியில் உப்பு வாரிய பேச்சிக்கனி, கும்பாவில் விரலை முக்கி நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கடல் தண்ணி இல்லை, போர் தண்ணியும் இல்லை என்றாள். "இது கண்ணுத்தண்ணிட்டி" என்றாள். கூட நின்ற பெண்கள் ஆளுக்கொரு விரல் முக்கிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

யாருடையது என்பதைக் கண்டுபிடித்தவன் சேர்மத்துரைதான். ஏழு நாற்பத்திரண்டுக்கு நிற்கிறது, நாலு நிமிஷம் கழித்துத் திரும்ப ஆரம்பிக்கிறது, ஐம்பத்திரண்டுக்கு இன்னொரு தடவை நிற்கிறது. சனி ஞாயிறு சொட்டே கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் கடைசி நிமிஷத்தில் கும்பா நிறைந்து வழிகிற மாதிரிக் கொட்டுகிறது.

"நிக்கிற நேரமெல்லாம் அந்தப் பழைய சீரியல்ல விளம்பரம் போட்ட நேரம்லா" என்றான். "வெள்ளிக்கிழமை கொட்டுதது, தொடரும்னு போடுததுக்கு முன்னால வர்ற அழுகை. இது நம்ம தேனு அழுத தண்ணி அண்ணாச்சி!"

அதைக் கேட்டதும் ஊருக்கு ஒரே சந்தோஷம்.

தேனு என்று ஒருத்தி கிடையாது. தங்கப்பழத்தின் மகள் சுடர்விழிதான் ஐந்து வயதில் டிவியில் தேனுவாக நடித்தாள். உப்பு லாரிக்கு எடை போட்டுச் சீட்டு எழுதுகிற வேலையில் இருந்த தங்கப்பழம், யாரோ சொன்னான் என்று பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனான், போன இடத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள், இவன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். பெண்டாட்டி செந்தூர்க்கனி இங்கே தனியாக அளத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாலு வருஷம், திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழரை மணிக்குத் தேனு வந்தாள், வந்து அழுதாள். வேறு ஒன்றும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சித்தி சூடு வைத்தால் அழுவாள், நாய்க்குட்டி தொலைந்தால் அழுவாள், ஜெயிலுக்குப் போன அப்பாவை நினைத்துக்கொண்டு மழையில் நின்று அழுவாள். முதலில் கண்ணில் நீர் திரளும், கீழ் உதடு ஒரு பக்கமாக இழுபடும், அப்புறம் வலது கண்ணிலிருந்து மட்டும் ஒரே ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கும். முகம் கோணாது. மூக்கு ஒழுகாது. அந்த ஒரு சொட்டுக்காக ஊர் உலையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது, செந்தூர்க்கனி வீட்டில் டிவி இல்லாததால் அவளும் அளத்திலிருந்து வந்த கையோடு பேச்சிக்கனி வீட்டில் முன் வரிசையில் உட்கார்ந்து, "எம்மவ எப்படி அழுதா பாத்தியளா" என்று எல்லார் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பது வயதில் சுடர்விழி மளமளவென்று வளர்ந்துவிட்டாள், முன்பல் இரண்டும் எடுப்பாக முளைத்தது, டைரக்டர் இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தேனுவை ஊட்டியில் படிக்க அனுப்புகிற மாதிரிக் கதையை எழுதினார். அடுத்த வாரம் ஊட்டியிலிருந்து வேறொரு பிள்ளை தேனுவாகத் திரும்பி வந்தாள். சுடர்விழி அப்பனோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் இறங்கினாள், அவன் பழையபடி எடைச் சீட்டு எழுதப் போனான்.

அதற்கப்புறம் ஏழு வருஷம் அவளை ஊர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில், "ஏட்டி தேனு, ஒரு சொட்டு விடு பாப்போம்." கல்யாண வீட்டில், "பாப்பா, பொண்ணு மறுவீடு போகையில பக்கத்துல நின்னு லேசா அழுதியன்னா வீடியோ நல்லா இருக்கும்." பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறதற்கு முன்னால் உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டினார். அவள் முகத்துக்கு நேராகவே பெண்கள் பேசினார்கள். "சின்னதுல எம்புட்டு லெட்சணமா இருந்தா. இப்ப பாரு, ஒட்டகச்சிவிங்கி மாதிரி." தங்கப்பழம்கூடக் கோயில் கொடைத் திருவிழாவில் வெளியூர்க்காரர்களைக் கண்டால், "தேனு, எம்மவ" என்றுதான் முன்னால் தள்ளினான். கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். அவள் எதிர்த்துப் பேசவும் மாட்டாள், அழவும் மாட்டாள். சைக்கிளிலிருந்து விழுந்து கை எலும்பு முறிந்து தொங்கியபோது கட்டுப் போடுகிறவர் அழுதார், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சித்திரையில், அவள் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்த சமயம், தங்கப்பழம் எடை மேடைப் பக்கத்து டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கினவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அவன் சாவுக்கு ஊரே வந்தது, பக்கத்து ஊரும் வந்தது. எடைச் சீட்டு எழுதுகிறவனுக்கு அத்தனை கூட்டம் வராது. தேனு நேரில் அழப்போகிறாள் என்று வந்த கூட்டம். ஐஸ் பெட்டியைச் சுற்றி மாரடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள், ஒரு கண்ணை அவள் மேலேயே வைத்திருந்தார்கள், வெளியே பந்தலில் பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து ரெடியாக நின்றார்கள். அவள் பெட்டியின் தலைமாட்டில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, எங்கேயோ கேட்கப்போகிற ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்த மாதிரி நின்றாள். ஒரு மணி நேரம் நின்றாள். இரண்டு மணி நேரம் நின்றாள். "அழுட்டி, மனசு விட்டு அழு" என்று அத்தைகள் முதுகைத் தட்டினார்கள். பேச்சிக்கனி தொடையில் கிள்ளிக்கூடப் பார்த்தாள். பாடை எழும்பியது, தெருமுனை வரை போய் நிற்கிற பெண்களோடு அவளும் போய் நின்றாள், ஆண்கள் மட்டும் மயானத்துக்கு நடந்தார்கள், பாடை அளத்துக் கரையில் திரும்பி மறைகிறவரை அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செந்தூர்க்கனி ஈரச்சேலையோடு திரும்பினாள்.

"டிவில நாய்க்குட்டிக்கு அழுதல்லா? பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு இல்லியாட்டி ஒங்கிட்ட? துட்டு குடுத்தாத்தான் அழுவியோ?"

அதோடு மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், தலைக்கு எண்ணெய் எடுத்து வைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். ஒரு அறை வீட்டில் இரண்டு பேர் அப்படி இருப்பது லேசான காரியமில்லை. அப்பன் செத்ததைவிட அம்மா பேசாததுதான் அந்தப் பிள்ளையைத் தின்றது என்று எனக்குத் தோன்றும். அழுதுவிட்டால் அம்மா பேசிவிடுவாள் என்று அவளுக்கும் தெரியும். வரவில்லை.

ஊருக்குத்தான் வந்துகொண்டே இருந்தது.

முதலில் உபயோகித்தது பேச்சிக்கனி. அவள் மாமியார் பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்து செத்தபோது, பேச்சிக்கனிக்கு உள்ளே நிம்மதியைத் தவிர ஒன்றும் இல்லை, சம்பந்தகாரர்கள் வண்டி வருகிற சத்தம் வேறு கேட்டுவிட்டது. அவசரத்துக்கு அடுக்களைக்குள் போய்க் கும்பாத் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் கீழ் உதடு தானாக ஒரு பக்கம் இழுபட்டது, வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது, அந்த அறுபது வயசுப் பொம்பளையின் முகம் அத்தனை அழகாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பன்னிரண்டு நிமிஷம் அழுதாள். டக்கென்று நின்றது. "ஏல, வந்தவியளுக்கு காப்பி குடுத்தாச்சா?" என்று நாலு நிமிஷம் பந்தலைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

அப்புறம் எல்லாரும். மறுவீடு போகிற பெண்கள் தாலி கட்டி முடித்ததும் கழுவிக்கொண்டார்கள். இரங்கல் கூட்டத்தில் பேச வருகிற கட்சிக்காரர்கள் மேடைக்குப் பின்னால் கழுவிக்கொண்டார்கள். வெளியூர் சாவுக்குப் போகிறவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். திங்கட்கிழமைத் தண்ணீர் லேசானது, தூரத்து உறவுக்குப் போதும், வெள்ளிக்கிழமைத் தண்ணீர் கடுமையானது, சொந்தத் தாய் தகப்பனுக்கும் தலைப்பிள்ளைக்கும் மட்டும்தான் என்றெல்லாம் முறை வைத்து, கேனில் கிழமை எழுதி ஒட்டினார்கள். மூன்று மாதத்தில், கீழ அளத்தில் சொந்தத் தண்ணீரில் அழுகிற ஆளே இல்லை என்றாகிவிட்டது. தெருவில் விழுந்து முட்டி சிராய்த்த குழந்தைகள்கூட எழுந்து வீட்டுக்குள் ஓடி, "எம்மா, தண்ணி குடு, அழணும்" என்று கேட்டன.

இவ்வளவும் அவளுடையது. அவள் வீட்டில் டிவி இல்லாததால் அவளுக்கு மட்டும் ஒரு சொட்டும் கிடையாது. கொண்டுபோய்க் கொடுக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஆடி அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், சுடர்விழி சொம்பை எடுத்துக்கொண்டு பேச்சிக்கனி வாசலில் போய் நின்றாள்.

"பெரிம்மா, எனக்குக் கொஞ்சம்."

"எதுக்குட்டி?"

"எங்க அப்பாவுக்கு."

பேச்சிக்கனி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்கு இல்லாததாட்டி" என்று வெள்ளிக்கிழமைக் கேனையே சரித்தாள். சரித்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாளா? தெருவில் போய்ச் சொன்னாள். சுடர்விழி வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் பின்னால் இருபது பெண்கள்.

தங்கப்பழத்தின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கழுவினாள். செந்தூர்க்கனி சுளகில் புடைத்துக்கொண்டிருந்த அரிசியை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். மகளின் கீழ் உதடு இழுபட்டது. நீர் திரண்டது. வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு, முகம் கோணாமல், அப்படியே இறங்கியது.

"தேனு!" என்று பெண்கள் கத்தினார்கள். "யாத்தே, தேனு வந்துட்டா! அதே அழுகை! அதே உதடு!" ஒருத்தி தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள். செந்தூர்க்கனி மூன்று மாதத்தில் முதல் தடவையாக மகள் பக்கம் கையை நீட்டினாள்.

பன்னிரண்டு நிமிஷம் ஆனது. நின்றது. சுடர்விழி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல், கூட்டத்துக்குப் பின்னால் தரையில் யாரையோ தேடினாள். ஐந்து வயதுக் குரலில் கேட்டாள்.

"அப்பா எங்க? எந்திரிச்சாச்சா?"

செந்தூர்க்கனியின் கை பாதியில் நின்றது.

"என்னட்டி கேக்க?"

சுடர்விழிக்கு அப்போதுதான் நினைவு வந்த மாதிரி இருந்தது. சொம்பில் மீதி இருந்ததை வாசலில் வீசிக் கொட்டினாள். ஐயோ ஐயோ, வெள்ளிக்கிழமைத் தண்ணி என்று பெண்கள் அலறினார்கள். செந்தூர்க்கனி எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாத்தின கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

"கிளிசரின் போட்டா எனக்குக் கண்ணு வீங்கிரும்மா. பெறவு நாள் பூரா சூட்டிங் கெடையாது. எல்லாரும் ஏசுவாவ. அதனால அப்பா கேமராவுக்குப் பின்னால கீழ படுத்துக்கிடுவாவ. மூக்குல பஞ்சு வச்சிக்கிடுவாவ. 'பாப்பா, அப்பா செத்துட்டேன்'னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிடுவாவ. நான் அழுவேன். டைரக்டர் கட்னு சொல்லுவாரு. ஒடனே எந்திரிச்சி சட்டையத் தட்டிவிட்டுட்டு வந்து தூக்கிக்கிட்டு, 'பயந்துட்டியாட்டி'ம்பாவ. பஜ்ஜி வாங்கித் தருவாவ."

"எத்தன நாளு?"

"சூட்டிங் உள்ள அன்னைக்கெல்லாம்."

"நாலு வருசமுமா?"

"ம்."

"நீ நம்புனியாட்டி?"

"மொதல்ல நம்புனேன். பெறவு தெரிஞ்சுபோச்சு. ஆனா நம்பாட்டி அழுகை வரலை. அப்பா பாவமா பாப்பாவ. அதனால நானே நம்பிக்கிட்டேன்."

உள்ளே சொம்பு உருண்ட சத்தம் கேட்டது, பிறகு மகள் குரல்.

"அன்னைக்கி ஐஸ் பெட்டில கெடக்கையிலயும் பஞ்சு வச்சிருந்துச்சும்மா. எனக்கு ஒண்ணுமே தோணலை. 'கட்'னு வர்ற அந்தச் சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டு நின்னேன். அதச் சொன்னாத்தான எந்திரிக்காவளா இல்லையான்னு தெரியும்? யாரும் சொல்லலை. அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாவ."

செந்தூர்க்கனி புருஷனை அப்போது ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள், கழற்றியதைக் கீழே போடவும் மனசில்லாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள், "நானும் பாத்தேனே, முன்னால உக்காந்து நானும் பாத்தேனே" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். வாய் உலர உலர ஏசினாளே தவிர, அவளும் ஊரோடு சேர்ந்து இத்தனை நாள் பேச்சிக்கனி வீட்டில் வாங்கிய தண்ணீரில் அழுதவள்தான், அவள் கண்ணும் காய்ந்துதான் கிடந்தது.

மறுநாள் வெயில் தாழ, தாயும் மகளும் அளத்துக் கரை வழியே மயானத்துக்கு நடந்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் அந்தக் கரை திரும்புகிற இடத்தைத் தாண்டியதில்லை. பாத்தியில் நின்ற ஆண்கள் வரப்பில் ஏறிக் கையைக் காட்டினார்கள்.

"மைனி, அங்கிட்டுப் போகப்படாது. பொம்பளையள் போற எடமா அது?"

"நீங்க தூக்கிட்டுப் போன ஆளத்தான் பாக்கப் போறோம். வேலையப் பாருங்கல" என்றாள் செந்தூர்க்கனி.

தங்கப்பழத்தின் மேடு மூன்று மாதத்தில் அமுங்கி, கூடைமண் அளவுக்கு ஆகியிருந்தது. எது என்று தெரியாமல் இரண்டு மேட்டைத் தாண்டிப்போய்த் திரும்பி வந்தார்கள். செந்தூர்க்கனி மகளைத் தலைமாட்டில் நிறுத்தினாள். தான் கால்மாட்டில் போய் நின்றாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"எப்படிச் சொல்லுவாரு அந்த டைரக்டரு?"

"சத்தமாச் சொல்லுவாரும்மா."

செந்தூர்க்கனிக்கு அந்தச் சொல் வாயில் நிற்கவில்லை. ஒரு தடவை காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு பாத்தி தள்ளி நிற்கிற ஆளை அதட்டிக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"கட்!"

நின்றார்கள். மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருமே பார்த்தார்கள், சத்தியமாக, கொஞ்சம் எதிர்பார்த்துத்தான் பார்த்தார்கள். அந்த மண்ணில் ஒரு பருக்கைகூட அசையவில்லை. யாரும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வரவில்லை.

"எந்திரிக்கலம்மா" என்றாள் சுடர்விழி.

"ஆமாட்டி. எந்திரிக்க மாட்டாவ."

அப்புறம்தான் அந்தப் பிள்ளைக்கு வந்தது. முதலில் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம், கன்றுக்குட்டி கயிறு இறுகிக் கத்துகிற மாதிரி. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது, எடுப்புப் பல் வெளியே தெரிந்தது, மூக்கு ஒழுகியது, இரண்டு கண்ணிலும் குளம் உடைந்தது, மண்ணில் உட்கார்ந்து, மண்ணை வாரி, வாரிய மண்ணோடேயே முகத்தைத் துடைத்து, "அப்பா, எந்திரிங்கப்பா, போதும் எந்திரிங்கப்பா" என்று பார்க்கச் சகிக்காத அழுகை. செந்தூர்க்கனி அவள் தலையைத் தன் மடிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் உடைந்துகொண்டது.

சத்தம் கேட்டு, கரையில் பைக்கை நிறுத்திவிட்டு சேர்மத்துரை ஓடி வந்தான். பழக்கதோஷம், வருகிறபோதே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். கிட்டத்தில் வந்து அந்த முகத்தைப் பார்த்தான். போன் தானாகக் கீழே இறங்கியது.

"யாரு மைனி இது? நம்ம தேனுவா?"

செந்தூர்க்கனி நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் சிந்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

"தேனு இல்ல. எம்மவ சுடரு. அவ அப்பா செத்துட்டாவல்லா, அழுதா. போலே அங்கிட்டு."